மச்சான் கட்டாத அபராதம்

தெருவை அடைத்து மணலைக் கொட்டியதற்காகக் கொத்தனாருக்குக் கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். கட்டாவிட்டால் ஜெயில். நீதிபதி கேட்டபோது கொத்தனார் யோசிக்கவே இல்லை. "உள்ளயே போயிடறேங்கய்யா" என்றார். அபராதம் கட்டாதவனை எத்தனை நாள் வைக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு எல்லை உண்டு, இந்த வழக்குக்கு ஒரு வாரம்தான், அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட வைக்க முடியாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாரத்துக்குள் மச்சான் வந்து பணத்தைக் கட்டி மீட்டுவிடக் கூடாதே என்பதுதான் கொத்தனாரின் கவலை.

மச்சான், மனைவிக்கு அண்ணன். எப்போதோ தங்கை வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அங்கே யார் வந்து உட்கார்ந்தாலும், "காத்து நல்லா வருதா? நான் வாங்கிக் குடுத்தது" என்பார். விசிறிக்கே இந்தப் பாடு. ஆளையே மீட்டுவிட்டால்? கொத்தனார் செத்துக் கிடக்கும்போதுகூட, துக்கம் கேட்க வருகிறவர்களிடம் "நான் வெளிய எடுத்த மாப்பிள" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

உள்ளே போன அன்றே ஜெயில் அதிகாரி கூப்பிட்டார். அவருடைய அறைச் சுவரில் ஒரு விரிசல். மேலிடத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்களாம்.

"இத மட்டும் அடைச்சுக் குடுய்யா."

கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உள்ள பொள்ளலா இருக்குங்கய்யா, பூச்சு சுவத்துல ஒட்டவே இல்ல." உளியை வைத்தார். அதிகாரி டீ குடித்துவிட்டு வருவதற்குள் சுவர் முழுக்கப் பூச்சு உரிந்து, செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"அடப்பாவி! விரிசலத்தானய்யா அடைக்கச் சொன்னேன்!"

"கவலப்படாதீங்க. நான் இங்கதான இருக்கப் போறேன்."

மறுநாள் காலையில் மச்சான் பணத்தோடு வந்து நின்றார். அதிகாரி பணத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "பணம் கோர்ட்டுலதான் கட்டணும்" என்று அனுப்பிவிட்டார். கோர்ட்டில், "ஆள் எங்க இருக்காரோ அங்க கட்டுங்க" என்றார்கள். மச்சான் செருப்புத் தேய நடந்தார். உள்ளே கொத்தனார் அவசரமே இல்லாமல் சுவருக்குத் தண்ணீர் தெளித்தார், மணலை மறுபடி மறுபடி சலித்தார்.

கெடு முடிந்த காலையில் பாதிச் சுவர்தான் பூசியிருந்தது.

"நாளைக்குச் சோதனைய்யா. இன்னிக்கு ஒரு நாள் இருந்து முடிச்சிட்டுப் போயேன்" என்றார் அதிகாரி, கெஞ்சாத குறையாக.

"கெடுவுக்கு மேல என்ன வெச்சுக்கலாம். அப்புறம் உங்க வேல போச்சுன்னா யாரு பதில் சொல்றதுங்க?"

அதிகாரிக்கும் அது தெரியும். பெருமூச்சு விட்டார்.

"வெளிய போயிட்டுக் கூலிக்கு வர்றேன்" என்றார் கொத்தனார். "எனக்கும் சித்தாளுக்கும் கூலி குடுத்தா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"சித்தாளுக்கு எங்கய்யா போறது?"

கொத்தனார் வாசலுக்கு வந்தார். மச்சான் நின்றிருந்தார், கையில் அதே பணம்.

"மாப்பிள! இன்னிக்கு வாங்கிக்கலேன்னா நான் நகர மாட்டேன்!"

"எல்லாம் முடிஞ்சிது மச்சான். பணத்தப் பையில வைங்க."

மச்சானுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப வாங்க, வீட்டுக்குப் போவோம். உங்களக் கூட்டிட்டு வராம வாசப்படி ஏறாதேன்னுட்டா தங்கச்சி."

"ஒரு சுவர் பாக்கி இருக்கு. ஒத்தக் கையா செஞ்சா நாளைக்குத்தான் வருவேன். கலவை போட்டுக் குடுக்க ஆளு இருந்தா இன்னிக்கே வந்துடலாம்."

மச்சான் தெருவை ஒருமுறை பார்த்தார். தெரிந்தவர் யாரும் இல்லை. சட்டையைக் கழற்றினார்.

"தண்ணி அதிகமாயிடுச்சு மச்சான்... கட்டி இருக்கு பாருங்க... சட்டிய இப்படியா பிடிக்கிறது?" நாளெல்லாம் சாரத்தின் மேலிருந்து கொத்தனாரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்படி வாய் வலிக்க அவர் எந்தச் சித்தாளையும் விரட்டியதில்லை.

சாயங்காலம் அதிகாரி கொடுத்ததில் சித்தாள் கூலியைப் பிரித்து மச்சான் கையில் வைத்தார் கொத்தனார்.

"பிடிங்க. ஜெயில்ல உங்களுக்கு வேல வாங்கிக் குடுத்தது நான்தான்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் சொல்லவில்லைதான்.