முப்பதாவது கிலோமீட்டரில் ஒதுங்கியவள்

முதலில் எங்கள் ஓட்டப் பயிற்சி முகாமின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததெல்லாம் தானாக விளங்கும். காய்ச்சலோ கால்வலியோ, காலையோட்டத்துக்கு வர முடியாமல் படுத்திருப்பவருக்கு, ஓடிவிட்டு வந்தவர்கள் தேநீர் குடிக்குமுன் அந்த ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். யார் முன்னால் போனார்கள், எந்த ஏற்றத்தில் யாருக்கு மூச்சு வாங்கியது, யாருடைய மாடு குறுக்கே வந்தது, எதையும் விடக்கூடாது. விட்டால் ஓட்டம் சொன்னவர்தான் அன்றைக்கு உகாலி என்கிற மக்காச்சோளக் களி கிண்டிய பானையைத் தேய்க்க வேண்டும். ஓட்டக்காரர்களின் ஊரான இந்த இடெனில் உள்ள எல்லா முகாமிலும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. எங்கள் முகாமில் இப்படித்தான்.

ஜெபிவோட்டுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் விழுந்து அவள் படுத்திருந்த மாதங்களில், அவளுக்கு ஓட்டம் சொன்னவள் நான். என் பெயர் செசாங். நாங்கள் இருவரும் ஒரே அறை.

"அடியே, மெதுவா சொல்லுடி. நீ சொல்ற வேகத்துல எனக்குக் கட்டில்லயே மூச்சு வாங்குது" என்பாள்.

அவளுடைய கால் ஆறியது. ஆனால் பயிற்சியாளர் துவேய் அவளை முயலாகத்தான் அனுப்பினார். பெரிய மாரத்தான்களில் மற்றவர்களுக்கு வேகம் பிடித்துக்கொடுத்து முன்னால் ஓடுகிறவளைத்தான் முயல் என்போம். முப்பதாவது கிலோமீட்டர் பலகை வந்ததும் அவள் வேலை முடிந்தது. ஓரமாக ஒதுங்கி நின்றுவிட வேண்டும். அவள் நெஞ்சில் கட்டியிருக்கும் துணியில் பெயர் இருக்காது. 'பேஸ்', அதாவது வேகம், என்று மட்டும் இருக்கும். ஜெபிவோட் அந்த வேலையைக் கடிகாரம் மாதிரிச் செய்தாள். அதுவே வினையாகிவிட்டது. எல்லோரும் அவளையே கேட்டார்கள்.

"பொழைப்பு நல்லாத்தானே போகுது? இப்படியே இரு" என்றார் துவேய்.

"இல்ல கோச். என் பேர்ல ஓடணும்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி. நம்ம ஊர் மாரத்தான்ல ஓடு. முதல் மூணு பேருக்குள்ள வந்தா இனிமே உன் பேர்லதான் எல்லாம். வரலைன்னா மறுபேச்சு பேசாம முயலு. சம்மதமா?"

"சம்மதம்."

நானும் கூட ஓடுவதாகத் திட்டம். காலில் அடிபட்ட பிறகு அவள் முப்பதுக்கு மேல் ஒரு பந்தயத்திலும் ஓடியதில்லை. அதற்கு அப்பால் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அது நான். எல்லாம் சரியாக இருந்தது. பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் கீழே கெரியோ பள்ளத்தாக்கில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனேன். கல்யாணச் சாப்பாட்டோடு மலேரியாவையும் சேர்த்து வாங்கி வந்தேன்.

இப்போது ஜெபிவோட் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டம் சொன்னாள். நான் மூன்று கம்பளிக்குள் பல் கிட்டிக்கொண்டு கேட்டேன்.

"நீ இல்லாம நான் ஓடல" என்றாள் ஒருநாள்.

"போடி பைத்தியக்காரி! உன் எலும்பு கூடுறதுக்கு நான் தொண்டை கிழியப் பேசினது எதுக்கு? நீ முயலாவே சாகறதுக்கா?"

"முப்பதுக்கு மேல என்ன இருக்குன்னே மறந்துபோச்சு செசாங்."

"பன்னிரண்டு கிலோமீட்டரும் ஒரு மைதானமும் இருக்கு. வேற என்ன, சிங்கமா இருக்கப் போகுது?"

பந்தயத்தன்று எனக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது, கால்தான் பஞ்சாக இருந்தது. ஓட முடியாது, ஆனால் தண்ணீர்ப் புட்டி எடுத்து நீட்ட முடியும் என்று துவேயிடம் கெஞ்சி, முப்பதாவது கிலோமீட்டர் தண்ணீர் மேசையருகே நிற்க அனுமதி வாங்கினேன். முகாமுக்கு வழக்கமாக மோட்டார் சைக்கிள் ஓட்டும் சிங்கோய் அண்ணன் என்னைத் தன் கோட்டைப் போர்த்தச் சொல்லிப் பின்னால் ஏற்றிக்கொண்டார். தார்ச்சாலையை அடைத்திருந்ததால் மக்காச்சோளக் காட்டு வண்டித்தடம் வழியே விட்டார்.

"விழுந்துடாத தங்கச்சி. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா துவேய் என்னை ஓட வச்சே கொன்னுடுவார்!"

"நீங்க முறுக்குங்கண்ணே. பேசாம முறுக்குங்க!"

மேசைக்கு நாங்கள் போய்ச் சேரவும் தூரத்தில் போலீஸ் வண்டியின் விளக்கு தெரியவும் சரியாக இருந்தது. சாலையோரம் ஒரே சனம். பள்ளிப் பிள்ளைகள் மரத்தில் தொங்கினார்கள். நான் தேன் கலந்த தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் இரண்டு முயல்கள் வந்தன. அவர்கள் தோளுக்குப் பின்னாலேயே ஐந்து பெண்கள். நாலாவதாக ஜெபிவோட்! தலை ஆடவில்லை, தோள் இறுகவில்லை. என் கையிலிருந்து புட்டியைப் பறித்து இரண்டு வாய் குடித்துவிட்டு எறிந்தாள்.

"பறக்கிறா பாரு!" என்று கத்தினார் சிங்கோய் அண்ணன்.

பலகை வந்தது. முயல்கள் இரண்டும் வேலையை முடித்து வலப்பக்கம் ஒதுங்கின. அவர்களுக்குப் பின்னால், அதே வளைவில், அதே நிதானத்தோடு, ஜெபிவோட்டும் ஒதுங்கினாள்!

எனக்கு உயிரே போய்விட்டது. அவளுக்குக் காலில் வலியில்லை, முகத்தில் களைப்பில்லை. இடுப்பில் கைவைத்து, வேலை முடிந்தவளின் நிம்மதியோடு மெல்ல நடந்தாள். பக்கத்தில் நின்ற முயலின் தோளைக்கூடத் தட்டினாள். மற்ற நாலு பெண்களும் போய்க்கொண்டே இருந்தார்கள்.

மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பஞ்சுக் கால் எப்படி ஓடியது என்று கேட்காதீர்கள்.

"அடியே! எங்கடி போற?"

திரும்பிப் பார்த்தாள். "முப்பது முடிஞ்சுதே..."

"யாருக்கு முடிஞ்சுது? நெஞ்சுல என்ன எழுதியிருக்கு, படி!"

பிடித்துத் தள்ளிவிட வேண்டும் போல் கை துடித்தது. தொட்டால் போச்சு, பந்தயத்திலிருந்தே தூக்கிவிடுவார்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கத்தினேன். "படிடி கழுதை! வாய்விட்டுப் படி!"

அவள் குனிந்து பார்த்தாள். தலைகீழாகத் தெரிந்த எழுத்தை விரலால் தடவினாள். "ஜெ... ஐயோ!"

"ஐயோன்னு எழுதல. ஓடு!"

பச்சைச் சட்டை போட்ட நடுவர் அம்மா ஓடி வந்து சாலை விளிம்பைக் குனிந்து பார்த்தார். "ஓரக் கோட்டைத் தாண்டல. ஓடலாம், ஓடலாம்!" என்று கையை வீசினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜெபிவோட் வளைவில் மறைந்துவிட்டாள். அந்த முயல்கள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. "நாங்க அவளையும் கூட்டிட்டுப் போயிருப்போம்" என்றாள் ஒருத்தி.

"அண்ணே, வண்டியை எடுங்க!"

"மருந்து சாப்பிட்டியா நீ?"

"மைதானத்துல சாப்பிடறேன்!"

சோளத்தட்டை முகத்தில் அடிக்க அடிக்கப் போனோம். காட்டின் இடைவெளியில் சாலை தெரியும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். முதல் இடைவெளியில் அவளைக் காணவே இல்லை. அடுத்ததில் கடைசியாக வந்தாள், தனியாக. அதற்கடுத்ததில் ஒரு மஞ்சள் சட்டைக்காரியின் பின்னால் வந்தாள். பிறகு மரங்கள் மறைத்துவிட்டன. நான் அண்ணன் முதுகில் குத்திக்கொண்டே இருந்தேன்.

"குத்தாத தங்கச்சி, நானா ஓடறேன்?"

மைதானத்து வேலியில் ஏறி நின்றபோது முதல் பெண் உள்ளே நுழைந்தாள். சிறிது நேரத்தில் இரண்டாமவள். அப்புறம் வாசல் காலியாக இருந்தது. துவேய் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு பேர் ஒன்றாக வந்தார்கள்: மஞ்சள் சட்டை, அவளோடு தோளுரச எங்கள் ஜெபிவோட்!

"ஜெபிவோட்! உன் பேருடி! உன் பேரு!" தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. பரவாயில்லை, முகாமே எனக்காகக் கத்தியது. கடைசி வளைவில் மஞ்சள் சட்டை உள்ளே நெருக்கினாள். இவள் வெளியே சுற்றிப் போனாள். போனாள், போனாள், கோட்டில் மார்பளவு முந்திப் போய் விழுந்தாள்.

மூன்றாவது!

துவேய் தொப்பியை வானத்தில் எறிந்தார். முகாமின் சமையற்காரம்மா சுரைக்குடுவையில் கொண்டுவந்திருந்த முர்சிக்கை அவள் வாயில் ஊற்ற, புளித்த பால் கழுத்து வழியாக வழிந்து நெஞ்சுத் துணியை நனைத்தது. "துணியை நனைக்காதீங்க! பேர் அழிஞ்சுடும்!" என்று அவள் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். எனக்கும் குடுவை வந்தது. மலேரியா மாத்திரைக்கு மேல் முர்சிக் கூடாதென்று துவேய் கத்துவதற்குள் குடித்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் கட்டிலில். அவள் எதிரே கால் நீட்டி உட்கார்ந்தாள். முகாமே அறைக்குள் நெருக்கியடித்தது. ஓடாமல் இருந்தவள் நான், ஆகவே ஓட்டத்தை அவள் சொல்லியாக வேண்டும். தொடங்கினாள். முதல் ஏற்றம், எதிர்க்காற்று, மஞ்சள் சட்டைக்காரியின் முழங்கை, எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள்.

"முப்பதுல தேன் தண்ணி குடிச்சேன். அப்புறம் பெரிய இறக்கம்..."

கூரை பறக்கிற மாதிரிச் சிரிப்பு.

கதவோரம் நின்ற துவேய் சொன்னார்: "ஜெபிவோட், பானை அடுப்படியில இருக்கு. நல்லாத் தேய்."