ஆண்டவர் வரும் ஞாயிறு

வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் இறங்கி வருகிறார் என்று பாஸ்டர் அடித்துச் சொன்ன நாளிலிருந்து அன்னாளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. சபையில் மற்றவர்களுக்கும்தான் இறங்கவில்லை. ஆனால் அது சந்தோஷத்தில். இவளுக்குப் பயத்தில். அவர் வராமல் ஏமாற்றிவிடுவாரோ என்று பயந்திருந்தால்கூட ஒரு நியாயம் உண்டு. வந்து தன்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாரே என்றல்லவா இந்தப் பைத்தியக்காரி பயந்தாள்!

ஏலப்பாறைக்குக் கீழே உள்ள அந்தத் தேயிலை எஸ்டேட்டில் அப்போது தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பாதி மாரியம்மனைக் கும்பிட்டது, மீதி லயம் மாதா கோயிலுக்குப் போனது. எழுபத்தைந்து வாக்கில் பாஸ்டர் வந்து சபைக்குக் கூரைக்கொட்டகை போட்ட பிறகு ஏழெட்டுக் குடும்பங்கள் அவர் பின்னால் போயின. அன்னாளின் புருஷன் இன்னாசிராஜ் அதில் முதல் ஆள். ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிறவன். நல்ல உழைப்பாளி, அதிர்ந்து பேசமாட்டான்.

அவன் சும்மா ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஒரே மகள் சந்தனமேரி, ஆறு வயதுப் பிள்ளை, காய்ச்சல் கண்டு ஜீப் கிடைப்பதற்குள் அவன் மடியிலேயே கண்ணை மூடிவிட்டாள். நாலு வருஷம் ஆயிற்று. பார்க்கிறவர்களெல்லாம் ஆறுதல் என்ற பேரில் என்னென்னவோ சொன்னார்கள். பாஸ்டர் ஒருவர்தான் அவன் கேட்க நினைத்ததைச் சொன்னார். "பிள்ளை சாகலை பிரதர், தூங்குது. வருகையின் நாளிலே மண்ணை விலக்கிட்டு எந்திரிச்சு வரும். நீங்க மூணு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு மேலே போவீங்க." இதைக் கேட்ட பிறகு எந்த அப்பன் சும்மா இருப்பான்?

அன்னாளும் நம்பினாள். அரைகுறையாக இல்லை, முழுசாகவே நம்பினாள். கொழுந்து கிள்ளும்போது மேலே மகளைப் புதைத்த கல்லறைமேட்டைப் பார்த்துக்கொண்டேதான் கிள்ளுவாள். மகளைத் திரும்பத் தூக்கப்போகிறோம் என்கிற நினைப்பில்தான் அவள் கைகால் ஓடியது.

அந்த நினைப்புக்குக் குறுக்கே கிடந்தது அவளைப் பெற்ற அப்பன். பெரியமுத்துவுக்குப் போன வருஷம் வாதம் இழுத்து, வலது பக்கம் அப்படியே விழுந்துவிட்டது. வாயும் போயிற்று. மகளுக்கு அவர் முதலில் வைத்த பேர் முத்துப்பேச்சி. கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் வாங்கித்தான் அன்னாள் ஆனாள். கிழவருக்கு அந்தப் பேச்சியில் மிஞ்சியது ஒரே ஒரு 'பே'தான். பசித்தால் 'பே', வலித்தால் 'பே', மகள் வேலைவிட்டு வந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாக ஒரு 'பே'.

கஞ்சியை இடது கன்னத்துப் பக்கம் கொஞ்சமாக விட்டு, தொண்டையைக் கீழ்நோக்கி நீவிக்கொடுத்தால்தான் இறங்கும். அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறிக் கண் செருகிவிடும். புருஷனுக்கும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள், அவன் கைக்கு வரவில்லை. அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கங்காணியிடம் திட்டு வாங்கிக்கொண்டு, மலையிறங்கி ஓடிவந்து கஞ்சி கொடுத்துவிட்டு, தன் சோற்றைத் தின்னாமலே ஏறிப் போவாள்.

கிழவர் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவர். ஆகவே ஆண்டவர் வந்தால் கிழவர் இங்கே. மகள் அங்கே.

அன்னாள் பாஸ்டரின் காலில் விழாத குறையாகக் கேட்டாள். "எங்கப்பாவுக்கும் முழுக்குக் குடுத்துருங்க பாஸ்டர். கட்டிலோட தூக்கிட்டு வாரோம்."

"வாயினாலே அறிக்கை பண்ணணும் சிஸ்டர். பேச்சே இல்லாதவருக்கு நான் எப்படிக் கொடுக்க?"

"தலையாட்டினாப் போதாதுங்களா?"

"என்ன விளங்கித் தலையாட்டுறாருன்னு யாருக்குத் தெரியும்? கர்த்தர் பார்த்துக்கொள்வார், போங்க."

கர்த்தர் பார்த்துக்கொள்வாராம்! உள்ளவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போன பிறகு யாரை விட்டுப் பார்ப்பாராம்? அன்னாளுக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

வீட்டில் வந்து அழுதபோது இன்னாசிராஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "இதுதாம்ளா உலகப்பத்துங்கிறது. சாத்தான் இப்படித்தான் பாசத்தைக் காட்டிக் கட்டிப்போடுவான். நம்ம பிள்ளைய நினைச்சுக்கோ."

"அவளை நினைக்காம ஒரு நிமிசம் இருந்திருக்கேனாங்க? ரெண்டு பேரையும் நினைக்கேனே, அதுதான என் தலையெழுத்து."

"நீ போகலேன்னா பிள்ளை ஆத்தாளைத் தேடாதா?"

அவள் எழுந்து போய் அப்பனைத் திருப்பிப் படுக்கப்போட்டாள்.

சரி, வீட்டிலேயே இருந்துவிடலாம், சபை கூடப்போகிற கல்லறைமேட்டுக்குப் போகாமல் இருந்தால் ஆயிற்று என்றால், அதற்கும் வழியில்லை. எங்கே இருந்தாலும், அடுப்படியில் இருந்தாலும், ஆண்டவர் தமக்குச் சொந்தமானவர்களை நின்ற இடத்திலிருந்தே தூக்கிக்கொள்வார் என்று பாஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். கஞ்சிக் கரண்டி அப்பனின் வாயில் இருக்கும்போதே தன்னைத் தூக்கிவிட்டால்? அன்னாள் அதை நினைத்து நினைத்தே செத்தாள்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு மூக்கம்மாளிடம் போனாள். மூக்கம்மாள் வாய்க்காரி, அம்மன் பக்தை, நல்ல மனசு.

"மதினி, நாளைக்கி நான் போயிட்டா எங்கப்பாவுக்குக் கஞ்சி குடுப்பீங்களா?"

"எங்களா போறே?"

"மேல."

மூக்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணாறுக்குப் போறவ மாதிரியில்ல சொல்றே! போ, போ. மகராசியா போயிட்டு வா. நான் ஊத்துதேன்."

"இடது பக்கமா ஊத்தணும் மதினி. தொண்டைய நீவணும். திருப்பிப் படுக்கப்போடணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிரும். அதுக்கப்புறம் பூமியில பஞ்சமும் நெருப்புமா வருமாம். அப்போ அவரைத் தூக்கிட்டு ஓடணும்."

"அடி பாதகத்தி! நெருப்பு வந்தா நான் என் முட்டிவலியோட ஓடுவேனா, ஒங்கப்பனைத் தூக்குவேனா?" என்று மூக்கம்மாள் சிரித்தாள். சிரித்தவள் அன்னாளின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "என்ன புள்ள, நிசமாத்தான் நம்புதியா?" என்றாள் மெதுவாக.

ஞாயிறு விடிந்ததும் சபை முழுக்க வெள்ளை உடுத்திக்கொண்டு கல்லறைமேட்டுக்கு ஏறியது. பொழுது அடைவதற்குள் வருகை. மரித்தவர்கள்தான் முதலில் எழுவார்களாம். அதனால் இன்னாசிராஜ் மகளின் குழிமேட்டருகே போய் இடம் பிடித்துக்கொள்ள அவசரப்பட்டான். பிள்ளை கண் விழித்ததும் முதலில் தன் முகத்தைப் பார்க்கவேண்டும் அவனுக்கு.

"அப்பாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு வாரேன், நீங்க முன்னாடி போங்க" என்றாள் அன்னாள்.

அவன் வாசலில் நின்று அவளையே பார்த்தான். "வந்துருவேல்ல?"

"ம்."

அவன் பனிமூட்டத்துக்குள் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நேரே மூக்கம்மாள் வீட்டுக்குப் போனாள். அன்று காலையில்தான் மூக்கம்மாள் லயத்து மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துப் படைத்துவிட்டு வந்திருந்தாள். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொட்டவர்களுக்கு வருகையில் பங்கில்லை என்பது சபையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"மதினி, அம்மனுக்குப் படைச்ச சோறு இருக்கா? எனக்குத் தாங்க. திருநீறும் பூசிவிடுங்க."

மூக்கம்மாளுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "எங்க ஆத்தா சோத்தைத் தின்னா உங்க சாமி ஒன்னைக் கைகழுவிருவாருன்னா வந்தே? அம்புட்டு ரோசக்காரரா அவரு?"

"ஆமா மதினி."

"வேண்டாம்ளா. எதுக்கும் யோசி. பிள்ளையப் பார்க்கணும்னு கிடந்தியே."

"எம்பிள்ளைக்கு அவுக அப்பா இருக்காக. எங்கப்பாவுக்கு யாரு இருக்கா?"

மூக்கம்மாள் இலைத்துண்டில் பொங்கலை வைத்தாள். அன்னாள் நின்றுகொண்டே தின்றாள். விழுங்க முடியாமல் விழுங்கினாள். ஒவ்வொரு வாய்க்கும் மகள் ஒரு எட்டு தள்ளிப் போகிற மாதிரி இருந்தது அவளுக்கு. கையைக் கழுவியபோது, இனி எந்தக் காலத்திலும் அந்த முகத்தைப் பார்க்கமுடியாது என்று நிச்சயமாகத் தெரிந்தது. தரையில் விழுந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூக்கம்மாள் அவள் நெற்றியில் திருநீறு பூசி, தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. மழையையும் மீறி மேட்டிலிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அன்னாள் அப்பனை மடியில் சாய்த்துக் கஞ்சி கொடுத்தாள். காது மட்டும் மேலேயே இருந்தது. நாலு மணி வாக்கில் பாட்டு நின்றது.

பாட்டு மெல்லத் தணிந்து முடிந்த மாதிரி இல்லை. பாதி அடியில், எல்லோர் வாயையும் ஒரே நேரத்தில் யாரோ மூடிய மாதிரி நின்றது. மழைச் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

போய்விட்டார்கள்.

அவளுக்கு அலறத் தோன்றியது, ஆனால் கிழவரின் வாயில் கஞ்சி இருந்தது. தொண்டையை நீவிக்கொடுத்து அது இறங்குகிறவரை பொறுத்திருந்தாள். இறங்கிய பிறகுதான் வாய்விட்டு அழுதாள். "பாப்பா, அப்பா கையைப் பிடிச்சுக்கோ. பயப்படாதே. அம்மாவைத் தேடாதே தாயி. அம்மாவைத் தேடாதே." கிழவர் இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு 'பே, பே' என்றார். தன்னை ஏன் திட்டுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ.

விளக்கேற்றுகிற நேரத்தில் வாசலில் காலடி கேட்டது. இன்னாசிராஜ் நின்றான். வேட்டியெல்லாம் செம்மண், முழங்காலில் சேறு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அன்னாள் எழுந்து, அவனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

"பாப்பா எங்கங்க?"

அவன் சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்தான். "பாஸ்டருக்குத் தொண்டை அடைச்சிருச்சு. பாட்டை நிறுத்திட்டாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் மட்டும் இருட்டுறவரை மண்ணைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் அசையலைளா."

அவள் நெற்றித் திருநீறு அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. "என்னாலதாங்க வரலை. நான்தான் பாவம் பண்ணிட்டேன்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரு வார்த்தை வையவில்லை. மற்றக் கையால் நனைந்த சட்டையின் பொத்தானைக் கழற்றி, நெஞ்சோடு பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தான். சந்தனமேரியின் நீலக் கம்பளிக் கவுன்.

"மண்ணுக்குள்ளேருந்து வந்தா குளிருமேன்னு எடுத்துட்டுப் போனேன்" என்றான். "ஒரு சொட்டு நனையவிடலை."

அன்னாள் அதை வாங்கி, தோள்பட்டைக்குத் தோள்பட்டை விரித்துப் பார்த்தாள்.

"இது அவளுக்குப் பத்தாதுங்க" என்றாள். "பிள்ளைக்கு இப்போ பத்து வயசு ஆகுதுல்ல."