கொக்கியில் மாட்டிய துப்பாக்கி

எங்கள் ஊரில் துப்பாக்கிக் குண்டு, ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். பெரும்பாலும் அது பேருந்து நிலையக் கழிப்பறையிலிருந்து கிளம்பும். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உள்ளே போனதும் அதைக் கதவிலுள்ள கொக்கியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அது துண்டு மாட்டுகிற கொக்கி.

என் கல்யாணத்தன்று காலை, வேலை பார்க்கும் ஊரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினேன். மண்டபத்தில் கூட்டமாக இருக்குமென்று அங்கேயே கழிப்பறைக்குப் போனேன். உட்கார்ந்த சிறிது நேரத்தில் பக்கத்து அறையில் எதுவோ விழுந்தது, வெடித்தது. தடுப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு என் தலைக்கு மேலாகப் போய், எதிர்ச்சுவர் வழியாக வெளியேறியது.

"யாருக்கும் படலையே?" என்று பக்கத்து அறையிலிருந்து குரல் கேட்டது.

"இல்ல அண்ணாச்சி. நிதானமா வாங்க."

அவர் வங்கிக் காவலாளி லூர்துசாமி. முன்பு பட்டாளத்தில் இருந்தவர். கை கழுவிவிட்டு இருவரும் வெளியே வந்து குண்டோடு சேர்ந்து நடந்தோம். குண்டைத் தனியாக அனுப்புவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அது கழுத்து உயரத்தில், மண்டபம் இருக்கும் திசையில் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"கொக்கி பலமா இருக்கான்னு பார்த்திருக்கணும்" என்றார் லூர்துசாமி.

"குண்டக் கழட்டிட்டு மாட்டியிருக்கலாம்."

அவர் துப்பாக்கியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "அதுவும் சரிதான்" என்றார்.

குண்டு பாத்திரக்கடைக்குள் நுழைந்து, ஒரு பெரிய அண்டாவின் இரண்டு பக்கமும் துளை போட்டுவிட்டு வெளியே வந்தது. கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். குழாய் வைக்க ஓட்டை போடச் சொல்லி ஒரு வாரமாக ஆள் தேடிக்கொண்டிருந்தாராம். இன்னொரு ஓட்டையில் என்ன வைப்பது என்று யோசித்தபடி அவரும் எங்களோடு வந்தார். பூக்கட்டும் பெண்கள் வந்தார்கள். இரண்டு ஆட்டோக்கள் மெதுவாக உருண்டு வந்தன.

நான் மணப்பெண் வடிவுக்கு போன் செய்தேன்.

"எங்க வந்துட்டு இருக்கிய?"

"பாத்திரக்கடை தாண்டிட்டேன். கூட ஒரு குண்டு வருது. மணவறை வழியாத்தான் போகும் போல. மேடையில நாம உட்கார்ந்திருந்தா கழுத்துக்கு நேரா வரும்."

"தாலி கட்டும்போது நான் குனியத்தான போறேன். நீங்களும் குனிஞ்சு கட்டுங்க" என்றாள். பிறகு, "சாப்பிட்டியளா?" என்று கேட்டாள்.

மண்டப வாசலில் வடிவின் மாமா எல்லாருக்கும் பன்னீர் தெளித்தார். குண்டுக்கும் இரண்டு சொட்டு விழுந்தது. நான் ஓடிப்போய் வேட்டி மாற்றிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தேன். ஐயர் நிறுத்தாமல் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். குண்டு நடுப்பாதையில் வந்தது. இருபுறமும் நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டார்கள். தாலி இன்னும் தட்டில் வலம்போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டார்கள். வடிவு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது.

அப்போது லூர்துசாமி விறைப்பாக நின்று, பட்டாளத்துக் குரலில் கத்தினார்:

"தாலி, முன்னால வா! கெட்டிமேளம்!"

தட்டு தலைகளுக்கு மேலாகப் பறந்து வந்தது. மேளம் முழங்கியது. வடிவு குனிந்தாள், நான் அவள்மேல் குனிந்தேன், முடிச்சுப் போட என் தங்கையும் குனிந்தாள். மூன்றாவது முடிச்சு விழும்போது குண்டு எங்கள் முதுகுக்கு மேலாகப் போனது. பிடரியில் இதமான காற்று பட்டது. வடிவு குனிந்தபடியே சிரித்தாள். அட்சதை மழையாக விழுந்தது. லூர்துசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, துப்பாக்கியில் மிச்சமிருந்த குண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

குண்டு பின்சுவர் வழியாக வெளியேறியது. மண்டபத்துக்குப் பின்னால் குளம். வழிவிட வேண்டுமே என்று குளம் எழுந்து, பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது. முதல் பந்தி தொடங்குகிற நேரம். வந்தவரைச் சும்மா அனுப்ப முடியாது என்று, வடிவின் மாமா அதற்கு ஓரத்தில் ஓர் இலை போட்டார். பாத்திரக்கடைக்காரர் தண்ணீர் வைக்கப் போனார். குளம் வேண்டாமென்று டம்ளரைக் கவிழ்த்து வைத்தது. ரசம் மட்டும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டது.