மனுவேல் வைத்த நாலு பவளம்

மனுவேலுக்கு வேண்டியதெல்லாம் ஒரு துபாய் விசா. காயல்பட்டினத்து உஸாமா தருவதாகச் சொல்லியிருந்தான். பெரிய வீடுகளில் பவளத் தொட்டி பராமரிக்கிற கம்பெனி அங்கே அவனுக்கு இருந்தது. ஊரில் உள்ள உஸாமா வீட்டுத் தொட்டியில் நாலு பவளத்தை ஒரு மாதம் உயிரோடு வைத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. பதினைந்து வருடம் சங்கு குளித்தவனுக்கா பரீட்சை! மனுவேலுக்குச் சிரிப்பு வந்தது.

நாலும் இந்தோனேசியாவில் பண்ணையில் வளர்ந்து, ரசீதோடு விமானம் ஏறி வந்தவை. நம் கடலில் சுண்டுவிரல் அளவு ஒடித்தாலும் கம்பி எண்ண வேண்டும். இதுகளுக்கு ஏசி அறை. என்ன நியாயமோ. புதிதாக வளர்ப்பவன் கையிலும் பிழைக்கிற ஜாதியாகப் பார்த்துத்தான் உஸாமா வாங்கியிருந்தான்.

"எத எங்கன வைக்கலாம், அண்ணே?"

மனுவேல் தொட்டிக்குள் கையை விட்டான். இலை போல் விரிந்த மான்டிபோரா பவளத்தை மேலே, விளக்குக்கும் நீரோட்டத்துக்கும் பக்கத்தில் வைத்தான். கேண்டி கேனும் டங்கனும் கீழே, நிழல் விழுகிற மணலோரம். ஹேமர் என்ற நாலாவதை மட்டும் ஒரு சாண் தள்ளி ஒதுக்கினான்.

"இது பொல்லாதது தம்பி. கொடுக்கு நீட்டிப் பக்கத்துல கிடக்கதப் பொசுக்கிரும்."

உஸாமா வாயைப் பிளந்தான். மறுநாள் சென்னைக்குக் கிளம்பும்போது ஒரு வாளியைக் காட்டினான். வெளிநாட்டு உப்பு. "வாரம் ஒருக்க கொஞ்சம் தண்ணிய மாத்தணும். வடிகட்டின தண்ணியில இதக் கலக்கி ஊத்துங்க."

அதுதான் மனுவேலுக்குப் பொறுக்கவில்லை. தூத்துக்குடிக்காரனுக்கு உப்பு விற்பதா? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். வாரம் தவறாமல், தான் சங்கு குளித்த தருவைகுளத்துக் கரையில் இரண்டு கேன் கடல்தண்ணீர் மொண்டு பஸ்ஸில் கொண்டுவந்து ஊற்றினான். நடுவில் நாலு நாள் ஐப்பசி அடைமழை. சாக்கடையெல்லாம் கடலில் இறங்கியது. கடலுக்கு மழை புதுசா என்று அதையும் மொண்டான்.

மூன்றாம் வாரம் டங்கன் விரியவே இல்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சதை கழன்று வெறும் எலும்பாக நின்றன.

உஸாமா வந்தான். தொட்டியைப் பார்த்தான், மூடி பிரிக்காத வாளியையும் பார்த்தான்.

"நம்ம கடல்தண்ணிதான் தம்பி ஊத்துனேன்," என்றான் மனுவேல். "அதுலதான நம்ம பவளம் பூரா கிடக்கு. இதுக சீமைச் சரக்கு, தாங்கல."

"கிடக்கா? கடைசியா எப்ப முங்கிப் பாத்திய?"

செவிப்பறை கிழிந்து பதினோரு வருடமாகிறது. அதன்பிறகு மனுவேல் தலை நனையக் கடலில் இறங்கியதில்லை. அதை எப்படிச் சொல்வது?

உஸாமா திட்டவில்லை. முங்கப்போன சிநேகிதன் எடுத்த வீடியோ ஒன்றைப் போனில் காட்டினான். கல்லின் வளைவை வைத்துத்தான் மனுவேலுக்கு இடம் புரிந்தது. அவன் சங்கு எடுத்த பார், அந்தக் கடலடிப் பாறைத்திட்டு. பவளமெல்லாம் செத்து, பாசி மூடிக் கிடந்தது.

"ரெண்டு கோடையாச்சு அண்ணே, தண்ணி சூடு தாங்காமப் போயி. விசாவுக்கு நான் வேற ஆளப் பாக்கேன்."

விசா போனதுகூட அப்போது உறைக்கவில்லை. வாசலில் கிடக்கிற கடல் செத்த சேதியைத் துபாய்க்காரன் வந்து சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் மனுவேலுக்குப் பொறுக்கவில்லை.