இரண்டு முறை புதைபட்ட ஓஸ்பர்ட்

குஷ்டம் வந்தவனைக் குழிக்குள் நிறுத்தி, காலில் மண் தூவி, "இனி நீ உலகத்துக்குச் செத்தவன்" என்று பாதிரியார் பூசை முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நார்விச் பட்டணத்தில் கொள்ளைநோய் தெருத்தெருவாக வாரிக்கொண்டு போகிறது என்று சேதி வந்த அன்று, அந்தக் குழி என் புருஷன் ஓஸ்பர்ட்டின் மண்டைக்குள் புகுந்துகொண்டது.

"அங்க குஷ்டரோகி ஒருத்தனும் சாகலையாம்டி. ஏற்கெனவே செத்தவன்னு சாவு தாண்டிப் போயிடுது."

"அவங்க ஊருக்கு வெளிய ஒதுங்கிக் கெடக்காங்க, அதான். பேசாம மாவ அரைங்க."

"அவங்களுக்குப் பாதிச் சாவுதான். எனக்கு முழுசா வேணும்."

உயிரோடிருக்கும்போதே தன்னை அடக்கம் பண்ணச் சொல்லி, பாதிரியாரின் காலில் விழுந்து சம்மதிக்க வைத்துவிட்டார். பலித்தால் தானும் இறங்கலாம் என்று அந்த மனுஷன் நினைத்தாரோ என்னவோ! ஓஸ்பர்ட் தொற்றுக் காய்ச்சலில் போய்விட்டார் என்று ஊருக்குச் சொன்னோம். மணி அடித்தது. துணியில் சுற்றிய அவரைக் குழியில் இறக்கினார்கள். மழை வேறு. ஊரார் தள்ளி நின்று அழுதார்கள். துணிக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம், சிரிப்பு. முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டேன். எல்லோரும் போன பிறகு அவர் எழுந்து வந்து எங்கள் மாவு ஆலைப் பரணில் ஒளிந்துகொண்டார். வெறுங்குழியைப் பாதிரியாரே மூடிச் சிலுவை நட்டார்.

கொள்ளைநோய் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குழியின் ஈரம்தான் ஓஸ்பர்ட்டின் நெஞ்சில் இறங்கியது. இருமல் வெளியே கேட்காமல் இருக்க மாவு மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டே செத்துப்போனார்.

பாதிரியாரிடம் ஓடினேன். "சாமி, நிஜமாவே போயிட்டாரு. அடக்கம் பண்ணுங்க."

"பண்ணியாச்சேம்மா! மறுபடி எப்படி? விஷயம் பிஷப் காதுக்குப் போனா என் அங்கிய உருவிடுவாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "யாரோ வழிப்போக்கன்னு சொல்லிடு."

முகமும் தெரியாதபடி துணியைச் சுற்றித் தைத்தேன். பேர் தெரியாதவர்களுக்கான மூலையில் புதைத்தோம். ஜெபத்திலும் பேர் இல்லை. இப்போது யார் செத்தது? ஓஸ்பர்ட் அந்தச் சிலுவைக்குக் கீழே இல்லை, இந்தக் குழியிலும் இல்லை. நான் எங்கே முழங்கால் போடுவது? எதுவும் விளங்கவில்லை. சேற்றில் உட்கார்ந்து கதறினேன்.

பக்கத்து வீட்டு மேபெல் என்னைத் தூக்கிவிட்டாள்.

"என்னடி இது, யாரோ எவனோ. கட்டின புருஷனுக்கே நீ ஒரு சொட்டு அழலையே!"