போட்டியின்றி

முத்துமாரி தாராவியில் ஒரு தையல் கார்கானாவில் காஜா எடுப்பவள். அவள் இருந்த சாலில், அந்த ஒற்றை அறை வரிசைக் குடியிருப்பில், நாற்பது வீடுகளுக்கு இரண்டே கழிப்பறைகள்; இரண்டுக்கும் கதவில்லை. கார்ப்பரேட்டர் ஆபீசுக்கு எட்டுத் தடவை நடந்து அலுத்துப்போய், "நாமளே நின்னா என்ன?" என்றாள். மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக மனுக் கொடுத்தாள். முன்மொழிந்தவன் பேச்சிராஜா, அவள் புருஷனுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

மனு ஏற்கப்பட்ட அன்று சாலே கை தட்டியது.

வாபஸ் நாளுக்கு முந்தின சாயங்காலம் பேச்சிராஜா வந்தான். உட்காரவில்லை.

"மைனி, நாளைக்கு மூணு மணிக்குள்ள வாபஸ் வாங்கிருங்க. மத்த நாலு பேரும் வாங்கியாச்சு."

"நீதானய்யா எனக்குக் கையெழுத்துப் போட்ட?"

"போட்டேன். இப்ப மிச்சம் நிக்குத ஆளோட கட்சிக்காரவியதான் அனுப்பியிருக்காவ. புது பில்டிங்குல நமக்கு வீடு குடுக்க சர்வே நடக்குல்லா? நம்ம சாலையே லிஸ்ட்ல இருந்து தூக்கிருவோம்ங்காவ."

"அப்படித் தூக்க முடியுமா?"

"முடியுமோ முடியாதோ, யாரு பாத்தா மைனி?"

தன்னோடு வீடு வீடாக ஓட்டுக் கேட்க வந்த கோமதியம்மாளிடம் போனாள். அவளுக்கும் சேதி வந்திருந்தது.

"நில்லுன்னு நான் எப்படிச் சொல்லுவேன் தாயி? இருவத்தாறு வருசமா இந்த ஒத்த ரூமுல கெடக்கேன்." அவள் தலை நிமிரவே இல்லை.

மறுநாள் இரண்டரை மணிக்கு முத்துமாரி கையெழுத்துப் போட்டாள். சொந்த விருப்பத்தில்தானா என்று அதிகாரி மராத்தியில் கேட்டார். "ஹோ", ஆமாம், என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகப் பல நாள் தன்னையே வெறுத்தாள்.

மிச்சமிருந்த ஒரே வேட்பாளர் ஜெயித்துவிட்டார். அவருடைய ஆட்கள் சாலின் வாசல்வரை குலால் வண்ணப்பொடி தூவி, மேளம் அடித்துக்கொண்டு வந்தார்கள். கதவைத் திறந்து பார்த்தவர்களும் கும்பிட்டார்கள்.

வாக்குப்பதிவு அன்று அவள் மகள் வந்தனா காலையிலேயே குளித்துக் கிளம்பி நின்றாள். பத்தொன்பது வயது, வாக்காளர் அட்டை வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"மம்மி, யாரும் வேண்டாம்னு ஒரு பட்டன் இருக்காமே? அதையாச்சும் அமுக்கிட்டு வாரேன்."

"நம்ம வார்டுல மிஷினே வைக்கல பிள்ள."

"ஃபிர் மேரா வோட்? என் ஓட்டு எங்க போச்சு?"

"நான்தான் எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள் முத்துமாரி.

வந்தனா வெளியே போனாள். அடுத்த வார்டில், மாஹிம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், அவளுடைய தோழிகள் ஓட்டுப் போட வரிசையில் நின்றார்கள். பேசிக்கொண்டே அவர்களோடு நகர்ந்தவள், வாசலில் போலீஸ்காரர் அட்டையைக் கேட்டதும் விலகி நின்றாள்.