ஒரே ஆளிடமிருந்து

நகக்கண்ணில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயின்ட்டை அக்கா ஈரப் பஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் கை வெதுவெதுப்பாக இருந்தது. மெஷின் மூச்சை உள்ளே தள்ள, அவன் மார்பு ஏறி இறங்கியது.

"விடுங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்றாள் நர்ஸ்.

"எங்க போனாலும் பெயின்ட்டோடதான் போவான். இன்னிக்காவது சுத்தமா போகட்டும்."

யாரோ ஒருவர் வீட்டில் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தவன், தலை வலிக்கிறதென்று அப்படியே சாய்ந்திருக்கிறான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு, மூளை இறந்துவிட்டது என்றார்கள். உறுப்புகளைத் தர முடியுமா என்று கேட்டார்கள். அக்கா தலையசைத்தாள். அம்மா இன்னும் சரியென்று சொல்லவில்லை.

சர்ஜன் வந்து அம்மாவின் நாற்காலிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மேல் மாடியில ஒருத்தங்க இருக்காங்கம்மா. லிவரும் போச்சு, கிட்னியும் போச்சு. ஒண்ணை மட்டும் மாத்தினா பிழைக்க மாட்டாங்க."

"வேற ஒருத்தரோடத உடம்பு ஏத்துக்குமா?"

"சண்டை போடும். மருந்து குடுத்து அடக்குவோம். ஆனா ரெண்டும் ஒரே ஆள்கிட்டேருந்து வந்தா, கிட்னியை உடம்பு அவ்வளவா சீண்டாது. கூட வந்த லிவர் அதுக்குக் காவல் நிக்கும். எப்படின்னு எங்களுக்கே முழுசா புரியல."

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள்.

"அவனுக்கு வலிக்குமா?"

"வலிக்காதும்மா."

"அப்ப எடுத்துக்கோங்க."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நடைபாதை நிறைய ஆட்கள். நர்ஸுகள், துப்புரவுப் பெண்கள், கேன்டீன்காரர், யாரென்றே தெரியாத நோயாளிகள். எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி எழுந்து நின்றார்கள். ஒரு செருமல்கூட இல்லை. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காத தம்பிக்கா இந்த மரியாதை என்றிருந்தது அக்காவுக்கு. கட்டிலின் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு கூடவே நடந்தாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சர்ஜன் நின்றார். "அவரைப் பத்தி ஏதாவது சொல்லுங்க. உள்ள எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்போம்."

அக்கா கம்பியை விடாமலே சொன்னாள்.

"பெயின்ட் அடிக்கிறப்ப சாரத்து மேல நின்னு கத்திப் பாடுவான் சார். சுருதியே சேராது."

அவர் சிரிக்கவில்லை. "சொல்றேன்" என்றார். கதவு மூடிக்கொண்டது.

மதியத்துக்கு மேல் அவனை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். ஊருக்குக் கொண்டுபோக வண்டி வரத் தாமதமானது. வெயில் தாழும் நேரத்தில் அந்த நர்ஸ் மாடிப்படியில் ஓடி வந்தாள்.

"அக்கா, ஆள் யாருன்னு சொல்லக்கூடாது. ஆனா இதைச் சொல்லாம இருக்க முடியல. தம்பியோட லிவரை அவங்களுக்குள்ள வச்சப்ப வெளுத்துப்போய்க் கிடந்துச்சு. ரத்தத்தைத் திறந்து விட்டதும் கண்ணெதிரே செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. அப்புறம் கிட்னி. தையல்கூட முடியல. டேபிள்லயே மூத்திரம் பீய்ச்சி அடிச்சிடுச்சு! உள்ள எல்லாரும் கை தட்டிட்டாங்க."

அக்கா அம்மாவைப் பார்த்தாள்.

"எட்டு வயசு வரைக்கும் பாயை நனைச்சவன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வாயைப் பொத்திய கை அப்படியே இருந்தது.

பிறகு எழுந்து, மூலையில் இருந்த தண்ணீர் கேனருகே போனாள். அவன் விழுந்த சேதி வந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாதவள், ஒரு டம்ளர் பிடித்து நின்றபடியே குடித்து முடித்தாள். மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்து மகளிடம் நீட்டினாள்.